அரை ஆயுள்

ரொட்டிக்கு அவசரமில்லை.
லெஃப்சே மாவுக்கு எத்தனை உருளைக்கிழங்கு என்று கேட்டால்
பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய பக்கம்தான்
இன்னும் முதலில் வருகிறது.
வரட்டும்.

கணவாய் திறந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி.
அதற்கு நேற்றைய பதில்
ஆளைக் கொன்றுவிடும்.

ட்ரோன்ஹெய்மில், மூன்றாம் மாடியில்,
இந்த இரண்டுக்கும் நடுவே கோடு கிழிப்பது என் வேலை.
எது எத்தனை நாளில் ஊசிப்போகும் என்று
ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண்.
மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள்.
நான் வரைகோட்டைப் பார்க்கிறேன்.
ஊரே திடீரென்று ஒன்றைத் தேடினால்
அது செங்குத்தாக எழும்.
எழுந்தால் புதியதை மேலே தூக்கு.
அவ்வளவுதான் விதி. எழுதியவள் நான்.

எய்லெர்ட் ஹோக்டால் என்ற பெயரை
வருடத்துக்கு நாலு பேர் தேடினால் அதிகம்.
கிடைப்பது ஒரே பக்கம்:
1998, மாவட்டப் பனிச்சறுக்குப் போட்டி,
பதினைந்து கிலோமீட்டர், மூன்றாம் இடம்.
படத்தில் மூக்கு சிவந்திருக்கிறது,
நெஞ்சில் எண் பட்டை கோணல்.

பிப்ரவரி, வியாழன், காலை ஆறு நாற்பது:
பதினேழு பேர்.
ஏழரைக்கு ஒன்பதாயிரம்.
கணவாயில் பனி வழிக்கும் வண்டி,
சரிவு,
மோப்ப நாய்கள்.
என் விதி தயங்கவில்லை.
சிவந்த மூக்கு நாற்பத்தோராம் பக்கத்துக்குப் போனது.
ஸ்டெய்னார் குழுவில் கட்டைவிரல் உயர்த்தினான்:
நாலே நிமிடம், இதுவரை இல்லாத வேகம்.

மத்தியானம் வந்த ஒரு தேடல் மட்டும்
கண்ணிலேயே நிற்கிறது.
பெயர், அதற்குப் பின்னால்
மூன்றாம் இடம் என்று இரண்டு சொல்.
யார் என்று எங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.
நாய்களைக் கேட்கவில்லை, சரிவைக் கேட்கவில்லை.
புதியது வேண்டாம் என்பதை
இதைவிட எப்படிச் சொல்வது?
அதற்கு என்னிடம் எண் இல்லை.

ஏப்ரலில் கோடு படுத்துவிட்டது.
செய்திகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன.
யாரும் தள்ளவில்லை,
பாதி, பாதியில் பாதி என்று
கணக்கே கரைத்துக்கொண்டு போனது.

நேற்று அந்தப் பெயருக்கு
நாடு முழுக்க ஒரே தேடல்.
அது நான்தான், வீட்டிலிருந்து,
கோட்டைக்கூடக் கழற்றாமல்.

முதலில் வந்தது மூன்றாம் இடம்.
பட்டை அதே கோணலில்.