இருபது இருபதாக எண்ணும் தராசு

கொஸ்தனாய் கோதுமைக் கிடங்கின் வாசலில்
லாரிகளை நிறுப்பது என் வேலை.
நிறைந்து வரும்போது ஒரு முறை,
காலியாய்ப் போகும்போது ஒரு முறை.
கழித்தால் வருவது கோதுமை.
பதினெட்டு வருடமாக இந்தக் கழித்தல்.

என்னை நிறுத்துப் பார்த்தது போன ஆகஸ்டில்,
பாலிகிளினிக்கில், ஒரு சின்னப் பெட்டி.
நூற்றெட்டு என்றது.
டாக்டர் அக்மரால் சர்க்கரை அளவை வட்டமிட்டு
பேனாவை மூடினாள்.
"ராத்திரி என்ன சாப்பிடுவீங்க, ரௌஷான்?"

ஒன்றும் சாப்பிடுவதில்லை என்றேன்.
முழுப் பொய்யும் இல்லை.
உட்கார்ந்தால்தானே சாப்பாடு?
நான் நின்றுகொண்டிருப்பேன்,
ஃபிரிட்ஜின் வெளிச்சத்தில், கதவைத் தோளால் தாங்கி.
விருந்து வீட்டில் கட்டிக் கொடுத்த பை கையில் இருக்கும்.
சர்கித் என்போம் அதை,
வேண்டாமென்றால் வாழ்த்தையே வேண்டாமென்றதாகும்.
குதிரைக்கறித் துண்டு, ஆறிப்போன பவுர்சாக்,
காகிதத்தோடு நசுங்கிய மிட்டாய்.
யார் வீட்டு மணமக்களையோ
நடு இரவில் வாழ்த்தி முடிப்பேன்.

கண்ணாடியில் ஒரு எடை மெஷின் வாங்கினேன்.
முந்நூறு கிராம் கூடியிருக்கும் காலையில்.
அன்று முழுக்கப் பட்டினி.
ராத்திரி அந்தப் பட்டினிக்கு வட்டி.
மூன்று வாரம் தாங்கினேன்.
இப்போது பால்கனியில்
உருளைக்கிழங்கு மூட்டைக்கு அடியில் கிடக்கிறது அது.
மூட்டை இளைத்துக்கொண்டு வருகிறது.

அக்டோபரில் ஒரு மத்தியானம், லாரி வராத நேரம்,
மேடையில் நானே போய் நின்றேன்.
அறுபது டன் தாங்கும் இரும்பு.
இருபது கிலோவுக்குக் குறைந்ததெல்லாம்
அதற்குத் தூசு.
சிவப்பு எண்கள் கொஞ்சம் யோசித்து
நூறு என்றன.
கோட்டோடும் நூறு, கோட்டைக் கழற்றினாலும் நூறு.
முந்நூறு கிராமைப் பற்றி
ஒரு வார்த்தை பேசாத தராசு.
பிடித்துப்போயிற்று.

எங்கள் ஊரில் விருந்தாளிக்கு
கிண்ணம் நிறைய டீ ஊற்ற மாட்டோம்.
நிறைய ஊற்றினால்
குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.
அடியில் கொஞ்சமாய் ஊற்றினால்
இரு, இன்னும் பேசலாம்.
நவம்பரில் ஒருநாள், அடுப்படியில்,
கை நடுங்காமல் விளிம்புவரை ஊற்றிய கிண்ணத்தைப் பார்த்தேன்.
முப்பது வருடமாக
என்னிடம் மட்டும் சொல்லி வந்திருக்கிறேன்,
கிளம்பு.

அன்றிலிருந்து நாற்காலி.
தட்டு. கொஞ்சமாய்ப் போட்டு, பசித்தால் மறுபடி கொஞ்சம்.
பீட்ரூட், வேகவைத்த குதிரைக்கறி, ஒரு துண்டு ரொட்டி.
சர்கித் பையைப் பிரித்து
பக்கத்து வீட்டுப் பையன்களுக்கும் பங்கு வைத்தேன்,
வாழ்த்து குறைந்ததாகத் தெரியவில்லை.
பிப்ரவரியில் ஒரு இரவு
மறுபடி ஃபிரிட்ஜ் வெளிச்சம், மறுபடி தோள்.
தங்கை பேச்சை நிறுத்தியிருந்த வாரம் அது.
விடிந்ததும் பட்டினி கிடக்கவில்லை.
வழக்கம்போல் முட்டை, வழக்கம்போல் டீ.
எனக்கு நினைவிருக்கும் ஒரே வெற்றி அதுதான்.

மாதம் தோறும் முதல் தேதி மேடை ஏறினேன்.
நூறு. நூறு. நூறு. நூறு.
உள்ளே ஏதோ நடந்துகொண்டிருந்தது,
பனிக்கு அடியில் விதை என்று சொல்ல மாட்டேன்,
பாவாடை இடுப்பில் ஊக்கு குத்த வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மே மாதம். எண்பது.
இரண்டு முறை கண்ணைத் துடைத்தேன்.
மண்ணில் வைத்த சாவிக்கொத்தை எடுத்து வந்து நின்றேன்,
நூறு.
சாவியைத் திரும்ப வீசினேன்,
எண்பது.
ஒரு சாவிக்கொத்து அகலத்தில்
எங்கோ நின்றுகொண்டிருந்தேன்.

பின்னால் ஹாரன்.
ஜன்னலில் எட்டிப் பார்த்த ழந்தோஸ்
"அக்கா, உன்னை எந்தக் கிடங்கில் இறக்கப் போறாங்க?" என்றான்.
சிரித்துக்கொண்டே சூடான பவுர்சாக் பொட்டலத்தை நீட்டினான்,
அவன் மாமியார் பொரித்தது.

ஒன்று எடுத்தேன்.
அறைக்குள் போய், நாற்காலியை இழுத்து,
உட்கார்ந்து சாப்பிட்டேன்.
லாரி காத்திருந்தது,
முப்பத்தாறு டன்னோடு.