அறுநூற்றைம்பது வாட்

மாலைக்காகத் தூக்கிய கையோடு
துவாரகி நின்றுவிட்டாள்.
நூற்றுக்கு அறுபத்து மூன்றில்
திரை கறுத்தது.
மேசைக்கடியில் ஒரு சின்னச் சத்தம்,
கடுகு வெடித்தது போல.
பிறகு கருகல் மணம்.

கல்யாணம் முடிந்து ஆறு கிழமை.
மாப்பிள்ளையின் தாய்
வாட்ஸ்அப்பில் கேள்விக்குறி மட்டும் அனுப்புகிறார்,
நாளுக்கு ஒன்று.

பகலில் முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்றுகிறேன்.
இரவில் மற்றவர்களின் கல்யாணங்களை வெட்டி ஒட்டுகிறேன்.
செத்தது பவர் சப்ளைதான் என்று கண்டுபிடிக்க
ஒரு இரவு போனது.
எங்கே வாங்குவது என்பதற்கு மூன்று.

முதல் கடை எழுபத்தொன்பது டொலர் என்றது.
கூடைக்குள் போட்டதும் அது அமெரிக்க டொலர் ஆனது.
முகவரி எழுதியதும் அனுப்புகூலி முளைத்தது.
கடைசிப் பக்கத்தில், எறும்பளவு எழுத்தில்,
எல்லைத் தீர்வை உங்கள் பொறுப்பு.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்:
அதை முதலில் சொன்ன ஆள்
ஃபார்கோவிலிருந்து வின்னிபெக்குக்குப்
பெட்டி எடுப்பித்திருக்க வேண்டும்.

இரண்டாவது கடையில் எல்லாம் ஐந்து நட்சத்திரம்.
நாற்பது பேர், ஒரே செவ்வாய்க்கிழமை.
நாற்பது பேருக்கும் அதே சந்தோசம்,
அதே எழுத்துப்பிழை.

மூன்றாவது, கடை இல்லை. ரொமெல்.
பழைய சாமான், முப்பத்தைந்து டொலர், கையில் காசு.
மக்ஃபிலிப்ஸ் வீதியில் மளிகைக்கடைக் கார் தரிப்பிடம்,
இரவு எட்டரை, மைனஸ் இருபத்தெட்டு.
கார் எஞ்சினுக்குச் சூடு கொடுக்கும் கம்பத்து பிளக்கில்
அவன் பவர் சப்ளையைச் செருகினான்.
கையுறையைக் கழற்றி
ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்திப்
பச்சை வயரையும் கறுப்பு வயரையும் தொடுத்தான்.
விசிறி சுற்றியது.
அந்தக் குளிரில் எவ்வளவு வடிவாகச் சுற்றியது!
நான் காசை எண்ணத் தொடங்க
அவன் தலையை ஆட்டினான்.
"சுற்றும். பாரம் ஏற்றினால் என்ன செய்யுமோ தெரியாது.
ஒன்பது வருசம் பழசு.
ராத்திரி முழுக்க வீடியோ ஓட்டவென்றால் வேண்டாம்."

"அப்ப நீங்கள் எங்கே வாங்குவீர்கள்?"

சிரித்தான்.
பற்றுச்சீட்டின் பின்னால் எழுதப் பார்த்தான்,
பேனை உறைந்திருந்தது.
என் ஃபோனை வாங்கித் தட்டித் தந்தான்.

கேள்விப்படாத பெயர். ரெஜைனாவில் ஒரு கடை.
மஞ்சள் பின்னணி, நீல எழுத்து,
தேர்தல் நோட்டீஸ் போல ஒரு பக்கம்.
வரியோடு தொண்ணூற்றாறு.
கடைசிப் பக்கத்திலும் தொண்ணூற்றாறு.

ஐந்து நட்சத்திரங்களைத் தாண்டி
ஒற்றை நட்சத்திரத்தைத் தேடிப் போனேன்.
பிராண்டனில் இருந்து க்ளென் என்று ஒருவர்,
பிழையான கேபிள் அனுப்பிவிட்டார்களாம்,
வரிக்கு வரி ஆச்சரியக்குறி.
அடியில் கடையின் பதில்:
பிழை எங்களுடையது. சரியானது இன்று காலை புறப்பட்டது.
மற்றதைத் திருப்பி அனுப்பவேண்டாம். லொரெய்ன்.
அதற்கும் அடியில் க்ளென்:
வந்துவிட்டது.
நட்சத்திரத்தை எப்படி மாற்றுவது என்று தெரியவில்லை.

நான் அட்டை இலக்கத்தை எழுதினேன்.

ஐந்தாம் நாள் பெட்டி வாசலில்,
பனிக்குள் பாதி.
உடனே செருகக் கூடாது, உள்ளே வியர்க்கும்.
அறைச் சூட்டுக்கு வர இரண்டு மணி நேரம்.
மேசையில் வைத்துவிட்டுக்
கோட்டைக் கூடக் கழற்றாமல் எதிரே இருந்தேன்,
விசா அலுவலகத்தில் இருப்பது போல.
அன்றைய கேள்விக்குறி வந்தது.
முதல் தடவையாகப் பதில் போட்டேன்:
நாளைக்கு.

பதினொரு மணிக்கு விசிறி எழும்பியது.
வேலை பூச்சியத்தில் இருந்து தொடங்கியது.
காத்திருந்த நேரத்தில்
லொரெய்னின் கடைக்கு எழுதினேன்:
பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது.
பொருள் நல்லது. சொன்ன விலை.
நான்கு நட்சத்திரம்.
ஐந்து போட்டால் யார் நம்புவார்கள்?

அறுபத்து மூன்று.
மூச்சை அடக்கிக்கொண்டேன்.
அறுபத்து நான்கு.

துவாரகி கையை இறக்கினாள்.