நன்னிலம் வரும்போது

கண்ணாடியில் உன் கண் நகர்வதை
நீ ஒருநாளும் பார்த்ததில்லை.
இடக்கண்ணைப் பார், உடனே வலக்கண்ணைப் பார்.
எதிரே நிற்பவள் அசையமாட்டாள்.
பக்கத்தில் முகம் கழுவும் ஜமீலாவைக் கேட்டால்
"கெண்டை மாதிரி துள்ளுதுடி" என்பாள்.

மயிலாடுதுறைக் கண் ஆஸ்பத்திரியில்
ஒன்பது வருஷமாகக்
கண்களைத் தாவச் சொல்வது என் வேலை.
சிவப்புப் புள்ளி. பச்சைப் புள்ளி. திரும்பச் சிவப்பு.
தாவும் நொடித்துண்டில்
மூளை படலைச் சாத்திவிடும்,
கண் போய்ச் சேர்ந்ததும் திறக்கும்,
நடுவில் உலகம் இழுபட்ட இழுப்பை
நம்மிடம் சொல்லாது.
வருகிறவர்களுக்கெல்லாம் இதையே சொல்வேன்.

உத்திராபதிக்குப் படல் சரியாகச் சாத்தவில்லை.
அறுவடை மெஷின் ஓட்டுகிறவர்.
"ஒரு வரப்புலேர்ந்து அடுத்த வரப்பைப் பாத்தா
வயலே ஒரு இழு இழுத்துட்டு வருதும்மா.
தண்ணி ரொம்புன தாம்பாளத்தத்
தூக்கிட்டு நடக்குறாப்ல."
ரிப்போர்ட்டில் அதற்குக் கட்டம் இல்லை,
ஓரத்தில் எழுதினேன்.
"உங்களுக்கெல்லாம் அது தெரியாதா?"
தெரியாது என்றேன்.
எல்லாம் கூட்டினால்
நாளைக்கு முக்கால் மணி நேரம் வரும் என்றேன்.
"அவ்ளோ நேரமா குருடா இருக்கீங்க?"
அவர்தான் சிரித்தார்.

சாயங்காலப் பாசஞ்சர். ஜன்னலோரம்.
பேரளம், பூந்தோட்டம்,
நடவு முடிந்து இரண்டு நாளான வயல்களில்
நாற்று இன்னும் தலை நிமிரவில்லை.
நன்னிலம் நெருங்கும்போது
பக்கத்தில் இன்னொரு தண்டவாளம் வந்து சேர்ந்தது.
ஜல்லியும் கட்டையும் கலந்து
சாம்பல் கூழாய் ஓடியது.
ஓடும் திசையிலேயே கண்ணை வெட்டினேன்.

நின்றது.
ஒரே ஒரு சிமெண்ட் கட்டை.
போல்ட்டில் துரு. நசுங்கிய பேப்பர் கப்.
கப்பின் விளிம்பில் யாரோ கடித்த பல்தடம்.
பிறகு கூழ்.

கண்ணின் வேகமும் வண்டியின் வேகமும்
ஒன்றான அந்த இம்மியில்
படலுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்திருக்கிறேன்.
அப்படியானால் அது படலே இல்லையோ,
வெறும் மங்கல்தானோ,
இத்தனை வருஷம் பூட்டு என்று சொன்னது.

ஸ்டேஷன் வரைக்கும் வெட்டி வெட்டிப் பார்த்தேன்.
இன்னும் இரண்டு கட்டை கிடைத்தது,
ஒன்றில் எறும்பு வரிசை, சத்தியமாக.
எதிர் சீட்டுப் பையன் அம்மாவின் முழங்கையை இடித்தான்:
"அந்த அக்கா கண்ணு ஏன் அப்படி ஓடுது?"
அவள் அவன் முகத்தைத் திருப்பினாள்.
என் கண் நகர்வதை
பார்க்கக் கூடியவன் அவன் ஒருவன்தான்.

வெட்டாறு தாண்டும்போது
உத்திராபதியின் நம்பரை எடுத்தேன்.
என்ன சொல்வது,
முழுக் குருடு இல்லீங்க என்றா?