ஏழு கிழமைக்கு மேற்படாமல்

கச்சேரி இரண்டாம் மாடி, வடக்குப் பக்க மேசை.
கடிதம் வந்திருக்கிறது:
தீவுப் பகுதிக்கு உகந்த திகதி எது,
இரு தினங்களுக்குள் அறியத்தருக.

இருபத்தொரு வருடச் சேவையில்
என்னிடம் ஒருவரும் நாள் கேட்டதில்லை.
என் கலியாணத்தைக்கூட
மாப்பிள்ளை வீட்டார்தான் குறித்தார்கள்.

சட்டம் சொல்வது சின்னக் கணக்கு:
ஐந்து கிழமைக்குக் குறையாமல்
ஏழு கிழமைக்கு மேற்படாமல்.
இடையில் கிடந்த நாட்களைப் பென்சிலால் வட்டமிட்டேன்.
பிறகு அழிக்கத் தொடங்கினேன்.

முதல் ஐந்தும் பரீட்சை.
அனலைதீவில் பரீட்சை மண்டபமும் வாக்களிப்பு நிலையமும்
ஒரே அறை, ஒரே திறப்பு.
திறப்பு கமலாம்பிகை ரீச்சரின் கைப்பையில்.
இருபது ஞாயிறு, பூசை.
இருபத்திரண்டு நயினாதீவுத் தேர்,
வள்ளம் முழுக்க அடியார்.
இருபத்துமூன்று தீர்த்தம், போயாவும் அதுவே.

குறிகட்டுவானுக்கு அழைத்தேன்.
எஸ்தாக்கி அண்ணையின் குரலுக்கு முன் காற்று வந்தது.
"ஆர், கச்சேரிப் பிள்ளையோ?
சோளகம் துவங்கீட்டுது.
மத்தியானத்துக்கு முந்தி ஏத்தினா நான் பொறுப்பு.
நாலு மணிக்கு மூடி, அரக்கு வச்சு,
ஆளாளுக்குக் கையெழுத்துப் போட்டு
ஆறு மணிக்குக் கொண்டுவந்தா
அது கடலின்ரை பொறுப்பு."
ஹெலி வரும் என்றேன்.
"ஹெலி பெட்டிக்கு. கிளாக்குமாருக்கு நான்தானே."

எந்த நாள் நல்லது?
எங்கோ ஒரு டீசல் எஞ்சின் இருமியது.
"பதினேழு. காத்து ரெண்டு நாள் படுக்கும்.
இல்லாட்டிப் பங்குனியிலை வைக்கச் சொல்லுங்கோ,
கடல் பாய் விரிச்ச மாதிரிக் கிடக்கும்."
பங்குனி, ஏழு கிழமைக்கு எவ்வளவோ மேற்படும்
என்று சொல்ல வாய் வரவில்லை.

பதினேழு என்று எழுதினேன்.
காரணங்கள் ஐந்து, இணைப்பு ஒன்று.
முத்திரை மங்கலாய் விழுந்தது, திரும்பவும் குத்தினேன்.

உறை ஒட்டுமுன்னே வர்த்தமானி வந்தது.
இருபத்திரண்டாம் திகதி.
அச்சிட்ட நாளைப் பார்த்தேன்:
எங்களிடம் கேட்பதற்கு மூன்று நாள் முந்தி.

கோவைக்கு ஒரு பிரதி வேண்டுமே,
அனுப்பிவிட்டேன்.

பன்னிரண்டாம் திகதி, நிதி இல்லையென்று
இருபத்திரண்டும் ஒத்திப்போனது.
புதுத் திகதி பின்னர் அறிவிக்கப்படும்.
மை போத்தல்களை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்,
காலாவதி நாள் வெளியே தெரியும்படி.

பதினேழாம் திகதி காலை
எஸ்தாக்கி அண்ணையே அழைத்தார்.
"பிள்ளை, கடலை வந்து பாக்கோணும் நீங்கள்.
ஒரு அலை இல்லை. சொன்னனான்தானே?"

வள்ளத்தில் என்ன ஏற்றியிருக்கு என்று கேட்டேன்.

"ரெண்டு ஆடு. ஒரு பிரிட்ஜ்."