ஒரு சதுர மீட்டர்

இரும்புச் சட்டத்தை வீசிப் போடு,
விழுந்த இடத்தில் உள்ளதை எண்ணு.
சம்பளம் அதற்குத்தான்.

திருப்பாலைக்குடிக்குத் தெற்கே
கடலிலிருந்து நான்காவது வயல்.
புரட்டாசிப் புழுதியில் விதைத்துவிட்டு
வானம் பார்த்திருந்தாள் அரியநாச்சி.
ஐப்பசி முழுக்க வெயில்.
கார்த்திகையில் ஒரே ராத்திரி
மொத்தக் கணக்கையும் தீர்த்துவிட்டுப் போனது மழை.

சட்டத்துக்குள் இன்று:
நெல் பதினொன்று.
கோரை நூற்று நாற்பது, அதற்குமேல் விரல் தடுமாறியது.
குதிரைவாலிப்புல் நெல்லைப் போலவே நின்று
இரண்டு முறை என்னை ஏமாற்றியது.
ஓரத்தில், சிவந்த தண்டோடு,
உமரி மூன்று.

"உமரியா? இங்கேயா?"
"போன வருசம் ரெண்டாம் வயல்ல நின்னுச்சு" என்றாள்,
வாடகைக்கு வந்தவரைப் பற்றிச் சொல்வதுபோல.
கடல் இன்னும் கரையில்தான் இருக்கிறது.
பனைகளுக்கு அப்பால், வெள்ளையாக, பவ்யமாக.
ஆள்விட்டு இடம் பார்க்கிறது.

பெயர் தெரியாத ஒன்றும் இருந்தது.
மஞ்சள் பூ, பிசுபிசுக்கும் இலை.
படிவத்தில் "மற்றவை: 1" என்று எழுதினேன்.
களையெடுக்கும் பெண்கள் அதை நிவாரணம் என்கிறார்கள்.
"வெள்ளத்துக்கு நிவாரணம் வரும் வரும்னாங்க,
இதுதான் வந்துச்சு."

வரப்போரத்துச் சீமைக்கருவேலத்தை
யாரும் எண்ணச் சொல்லவில்லை.
என் சோற்றுப்பை அதில்தான் தொங்கியது.

ஜபருல்லா கடை மருந்தில்
ஒரு மூடிக்குச் செத்தது
இப்போது மூன்று மூடிக்கு லேசாகச் சுருண்டு
பத்தாம் நாள் நிமிர்கிறதாம்.
காற்றில் கரியமில வாயு கூடக் கூட
கோரை மண்ணுக்கடியில் கிழங்கு கட்டிக்கொள்ளும் என்று
பயிற்சியில் படம் போட்டுக் காட்டினார்கள்.
அவளிடம் சொன்னேன்.
"எங்க அடுப்புப் புகையைத் தின்னுட்டா இப்படி வளருது?"
உங்கள் அடுப்பு இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
பின்னே யாருடையது என்பாள்.
சட்டத்தைத் தூக்கி அடுத்த இடத்தில் வீசினேன்.

இழுத்தால் அறுந்துவிடும் கோரை.
அறுந்தது இரண்டாக வரும்.
தெரிந்தேதான் இழுக்கிறாள்,
பொழுதெல்லாம் குனிந்து,
பதினொரு நெல்லுக்காக.
உமரியை மட்டும் தனியாகக் கிள்ளி
மடியில் கட்டிக்கொண்டாள்.
குழம்புக்கு உப்பு மிச்சமாம்.

படிவத்தில் கடைசிக் கட்டம்: பரவும் வழி.
காற்று. தண்ணீர். ஆடு. கொக்கு.
உரியதை வட்டமிடுக.

தொண்டி பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது.
பேண்ட் மடிப்புக்குள்
இந்த வாரம் நடந்த ஏழு ஊர் வயல்களும் இருந்தன:
புல்லரிசி, சுணை, நாயுருவி முள்,
சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு பொடி விதை.
ஒவ்வொன்றாகப் பிய்த்தேன்.
எண்ணவில்லை.
காலடியில் உதிர்த்துவிட்டு
உப்பூரில் இறங்கிக்கொண்டேன்.

பஸ் வடக்கே போனது.