துடைக்கும் வேலை

புந்தா அரெனாஸ் மருத்துவமனை, தரைக்குக் கீழ்த் தளம்.
எனக்குத் துடைக்கும் வேலை.
வீடுகளுக்குப் போய்வந்த டேப்லெட்டுகள்
பிளாஸ்டிக் பைக்குள் மூன்று நாள் தனித்திருந்து
நான்காம் நாள் என் மேசைக்கு வரும்.

அணைத்த திரையைச் சன்னல் பக்கம் சாய்த்தால்
விரல்கள் தெரியும்.
ஜூன் மாதம். ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும்,
அதற்குள் பார்த்துவிட வேண்டும்.

இது எலிசெயோ பாரியா வீட்டிலிருந்து.
கம்பளி கத்தரிக்கிறவர்.
கேமராவின் மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி.
குரல் போதும் உங்களுக்கு, என்றாராம்.
டாக்டர் அந்தோனியா ஒரு கறுப்புச் சதுரத்தோடு
பதினோரு வாரம் பேசினாள்.
பிறகு காற்று கம்பத்தைச் சாய்த்தது, லைன் போனது,
வந்தபோது பிளாஸ்திரி இல்லை.
முகமும் இல்லை.
சன்னல், ஜலசந்தி, நங்கூரமிட்ட ஒரு சரக்குக் கப்பல்.
"அதிலும் யாரையும் இறங்க விடவில்லை" என்றாராம்.
அன்று நாற்பது நிமிடமும்
இருவரும் கப்பலையே பார்த்திருக்கிறார்கள்.
பிளாஸ்திரியின் பசை இன்னும் போகவில்லை,
நகத்தால் சுரண்டுகிறேன்.

இது ரோசெந்தா மிமிசாவுடையது.
பச்சைப் பொத்தான் வரும் இடத்தில்
ரேகைமேல் ரேகை, எண்ணெய்ப் பிசுக்கு, கொஞ்சம் மாவு.
அழைப்பு செவ்வாய் நாலு மணிக்கு மட்டும்.
மற்ற ஆறு நாளும் அழுத்திப் பார்த்திருக்கிறாள்.
பதிவில் இருக்கிறது:
விடிகாலை மூன்று பத்து. மூன்று பன்னிரண்டு. மூன்று பதின்மூன்று.
பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தார்,
சார்ஜரின் ஒயரை ஒழுங்காகச் சுற்றி.
அவள் ஏன் வரவில்லை என்று
நான் கேட்கவில்லை.

எந்தத் திரையிலும்
சிவப்புப் பொத்தான் இருக்கும் இடம் மட்டும்
துடைக்கத் தேவையில்லாமல் இருக்கிறது.
போனது எப்போதும் மறுமுனைதான்.

துடைத்தபின் சோதனை அழைப்பு, பத்து வினாடி:
இந்த மேசையிலிருந்து இதே மேசைக்கு.
கேட்கிறதா, என்கிறேன்.
அரை வினாடி தாமதித்து
கேட்கிறதா, என்கிறது என் வாய்.
பார்ப்பவன் சவரம் செய்து நாளாகியிருக்கிறது.
சாப்பிட்டாயா, என்கிறேன்.

ஒரு டேப்லெட்டுக்கு இவ்வளவு நேரமா என்று
மேலாளர் இவோன் படியிலிருந்தே கேட்டாள்.
லைன் சரியில்லை, என்றேன்.

ரோசெந்தாவுடையது இன்னும் பையில்.
நாளைக்கு நான்காம் நாள் என்று
சீட்டில் தேதியை
ஒருநாள் தள்ளி எழுதியிருக்கிறேன்.