பொம்மை வீட்டுக்கு வெள்ளையடித்தது

மரத்துக்கு ஒரு விலை, பிளாஸ்டிக்குக்கு ஒரு விலை.
இது எதில் சேரும் என்று
காயலான் கடை அண்ணாச்சிக்கே விளங்கவில்லை.
தராசில் வைத்தார், இறக்கினார்,
கூரையைத் தட்டிப் பார்த்தார்.
"நூத்தியிருபது குடும்மா, எடுத்துட்டுப் போ."
தண்டையார்ப்பேட்டையில் அந்த விலைக்கு
ஒரு மாடி வீடு
எனக்கு மட்டும்தான் கிடைத்திருக்கும்.

ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
பக்கத்து சீட்டுக்காரி
ஜன்னல் வழியே விரலை விட்டுத் துழாவி
"கக்கூஸ் இல்லியே" என்றாள்.

கரப்பான் முட்டை, துருப்பிடித்த ஸ்டாப்ளர் பின்,
மாடிப்படியில் மூன்று படி குறைவு.
முதல் ஞாயிறு முழுக்க உப்புத்தாள் தேய்த்தேன்.
எம்.சி. ரோட்டில் நான் வேலை பார்க்கும் கடையிலிருந்து
புடவைப் பெட்டி அட்டை, தரைக்கு.
தில்ஷாத் அக்காவின் தையல் மிஷினடியில் பொறுக்கிய
சிவப்பு வெல்வெட், படுக்கைக்கு.
குச்சி ஐஸ் மூன்று தின்றோம், படி சரியாகிவிட்டது.

கூடத்துச் சுவரில் சதுரமாய் ஒரு பொந்து.
அடுப்பு என்றேன்.
"ஹால்லயா?" என்றாள் ஜெசிந்தா.
குளிருக்கு மூட்டுவார்களாம்.
எனக்கும் நிச்சயமில்லை.
மேலே நீட்டிக்கொண்டிருந்த புகைக்கூண்டை
தலை சாய்த்துப் பார்த்துவிட்டு
"அப்ப இது எண்ணூர்" என்றாள்.
அங்கே இருப்பது போலவே
சிவப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை அடித்தாள்.
பொந்துக்குள் தீப்பெட்டி டிவியை வைத்தாள்.

பனிக்குத்தான் தகராறு.
"பனின்னா, காலைல அப்பா வண்டி சீட்டுல துடைப்பாரே, அதுவா?"
இது வேற. வெள்ளையா மேலேர்ந்து விழும்.
"சாம்பல் மாதிரியா? மாடில காயற துணி மேல விழுமே?"
அது மாதிரிதான். ஆனா ஜில்லுனு.
சொல்லும்போதே தெரிந்தது,
கைவசம் இருக்கும் ஒரே சொல்லை விரித்துக் காட்டி
நான் பார்க்காத ஒன்றை விற்கிறேன்,
நான் உடுத்தாத புடவைகளை விற்பது போல.

தெர்மாகோலைத் துருவினோம்.
ஃபேன் சுற்றியதும் கூரையை விட்டு
எங்கள் தலைமுடிக்குக் குடிவந்தது.
ரவையை எறும்பு சுமந்து போனது.
கல் உப்பு, மழை ஈரத்தில் கசிந்து அழுதது.

இருபத்துமூன்றாம் தேதி, இன்னும் விடியவில்லை.
காசிமேட்டிலிருந்து வந்த பிளாசிட்
மீன் கூடையிலிருந்து ஒரு கவர் நிறைய
நொறுக்கின ஐஸை அள்ளிவந்தான்.
வஞ்சிரம் வாசம். நடுவில் ஒரு செதில் மின்னியது.
"நெசப் பனி" என்று கூரைமேல் கொட்டினான்.
சீரியல் செட்டைப் போட்டோம்.
ஐந்து நிமிடம்
நாங்கள் மூவரும் வேறு ஏதோ தேசத்தில் இருந்தோம்.
பிளாசிட் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு
நடுங்கிக்கூடக் காட்டினான்.

பிறகு கூரை ஒழுகியது.

ஜெசிந்தா கத்தவில்லை.
முதலில் ப்ளக்கைப் பிடுங்கினாள்.
அடுத்து, டிவிக்குப் பின்னாலிருந்து
நகத்தளவு மடித்த காகிதம் ஒன்றை எடுத்து
மாடியில் வைத்தாள்.
என்னடி அது?
"ரேஷன் கார்டு."
எப்போது செய்தாள் என்று எனக்குத் தெரியாது.
அதற்கப்புறம்தான் பொம்மைகள், ஒவ்வொன்றாய்,
சின்னதிலிருந்து பெரியதுக்கு.
டிவி நனைந்தது. நனையட்டும் என்றாள்.

தண்ணீர் வடிந்தபின்
மூன்று கோட் அடித்த என் வெள்ளைச் சுவரில்
பழுப்பாய் ஒரு கோடு,
பொம்மையின் இடுப்பு உயரத்தில்.
பிரஷ்ஷைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தேன்.
அவள் பென்சிலோடு குனிந்திருந்தாள்,
கோட்டுக்குப் பக்கத்தில் தேதி எழுதிக்கொண்டு.
எங்கள் கதவுக்குப் பின்னால்
முந்தின டிசம்பர் ஒன்றில் அவள் அப்பன் எழுதினது போலவே
மாதத்தை எழுத்தில்.

பிரஷ்ஷை டப்பாவிலேயே நிறுத்தி வைத்தேன்.
நட்சத்திரம் இன்னும் ஒட்டவில்லை.
மாடியில் நான்கு பேர் ஒரே வெல்வெட்டில் கிடக்கிறார்கள்,
தலைமாட்டில் கார்டு.
கவரில் மிஞ்சிய ஐஸை
மீன்மேல் திருப்பிக் கொட்டிவிட்டு
"நாளைக்கு கிலோ ஆயிரத்தைத் தாண்டும்" என்றான் பிளாசிட்,
யாரிடம் என்றில்லாமல்.